ஆக்டிவ் டைரக்டரி: அழிக்கும் முன் அறிந்து கொள்ளுங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, வீட்டில் உள்ளவர்களுக்குத் தனித்தனியாக யூசர் அக்கவுண்ட் உருவாக்குவது. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு இது போதும்.

300 பேரும் 300 கம்ப்யூட்டர்களும் உள்ள ஓர் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்றால், ஒவ்வொன்றிலும் 300 அக்கவுண்ட்கள் வேண்டும். மொத்தம் 90,000! ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினால் 300 இடங்களில் மாற்ற வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் 300 இடங்களில் நீக்க வேண்டும். ஓரிடத்தில் மறந்துவிட்டாலும் கதவு திறந்தே இருக்கும்.

இந்தத் தலைவலியைத் தீர்க்க வந்ததுதான் டைரக்டரி சர்வீஸ். விண்டோஸ் நெட்வொர்க்கில் இதன் பெயர் ஆக்டிவ் டைரக்டரி. இது என்ன, எப்படி வேலை செய்கிறது, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இதை எப்படிக் கற்றுக் கொள்வது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். இதைக் கற்கும்போது நான் செய்த ஒரு தவறையும் சொல்கிறேன். அதே தவறை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் செய்ய வாய்ப்பு உண்டு என்பதால், சர்வர் வேலைக்குப் போகாதவர்களும் படித்து வைப்பது நல்லது.

ஒரே பதிவேடு

பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் அறையில் சேர்க்கைப் பதிவேடு ஒன்று இருக்கும். எந்த வகுப்பு ஆசிரியருக்கு எந்த மாணவரைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் அந்தப் பதிவேட்டில்தான் பார்ப்பார். டைரக்டரியும் அப்படித்தான். நெட்வொர்க்கில் உள்ள ஆட்கள், கம்ப்யூட்டர்கள், பிரிண்டர்கள், குழுக்கள் எல்லாம் ஒரே பதிவேட்டில் இருக்கும். இந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். அதன் ஆளுகைக்கு உட்பட்ட நெட்வொர்க்கின் பெயர் டொமைன்.

காலையில் அலுவலகத்துக்கு வந்து பாஸ்வேர்டு கொடுக்கிறீர்கள். உங்கள் மேஜையில் உள்ள கம்ப்யூட்டருக்கு உங்களைத் தெரியாது. அது டிஎன்எஸ் சர்வரிடம் "டொமைன் கன்ட்ரோலர் எங்கே?" என்று முகவரி கேட்கும். பிறகு டொமைன் கன்ட்ரோலரிடம் "இவர் நம் ஆள்தானா?" என்று விசாரிக்கும். சரி என்றால் டொமைன் கன்ட்ரோலர் ஒரு டிக்கெட் கொடுக்கும். காலையில் ஒரு முறை பாஸ்வேர்டு கொடுத்தால் போதும். அதன்பின் பைல் சர்வருக்குப் போனாலும் பிரிண்டருக்குப் போனாலும் டிக்கெட்டே பேசிக் கொள்ளும். இந்த டிக்கெட் முறைக்குப் பெயர் கெர்பரோஸ். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவானது. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது.

இந்த நாய்க்கு நேரம் மிக முக்கியம். கம்ப்யூட்டரின் கடிகாரத்துக்கும் சர்வரின் கடிகாரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது இதன் வழக்கமான விதி. மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்துபோய்த் தேதி பின்னோக்கிப் போன கம்ப்யூட்டரில் லாகின் சிக்கல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பாஸ்வேர்டைப் பத்து முறை அடித்துப் பார்ப்பதற்கு முன் திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரத்தை ஒரு முறை பாருங்கள்.

வந்த வழி

டைரக்டரிக்கான உலகத் தரம் எக்ஸ்.500 என்ற பெயரில் 1988இல் வெளியானது. அது அன்றைய சிறிய கம்ப்யூட்டர்களுக்குப் பெரும் சுமையாக இருந்ததால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதன் எளிய வடிவத்தை உருவாக்கினார்கள். எல்டாப் என்ற அந்த வடிவம் 1993இல் தரமாக வெளிவந்தது. அதே ஆண்டு நாவெல் நிறுவனம் தன் நெட்வேர் 4 தொகுப்பில் டைரக்டரியைக் கொண்டு வந்தது. மைக்ரோசாப்ட் 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 சர்வருடன் ஆக்டிவ் டைரக்டரியை வெளியிட்டது. லினக்ஸ் பிரியர்களுக்கும் வழி உண்டு. 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4 முதல், காசு கொடுக்காமலே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரை ஆக்டிவ் டைரக்டரியின் டொமைன் கன்ட்ரோலராக மாற்றலாம்.

பெயர் அல்ல, எண்

இப்போது இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் உங்களைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு அக்கவுண்ட் உருவாகும்போதும் அதற்கு ஒரு நீண்ட எண்ணைக் கொடுக்கிறது. அதன் பெயர் எஸ்ஐடி. எந்த போல்டரை யார் திறக்கலாம் என்று எழுதி வைக்கும்போது விண்டோஸ் இந்த எண்ணைத்தான் எழுதி வைக்கிறது. திரையில் நாம் பார்க்கும் பெயர் நம் வசதிக்காகக் காட்டப்படுவது.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதைப் பார்க்கலாம். ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து கமாண்ட் பிராம்ப்டைத் திறக்கவும். ஹூ, ஆம், ஐ என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் ஒன்றாக டைப் செய்து, பிறகு ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்ந்த ஸ்லாஷ் போட்டு, யூசர் என்று டைப் செய்து என்டர் தட்டவும். உங்கள் பெயருக்கு எதிரே எஸ்-1-5-21 என்று தொடங்கி ஒரு நீண்ட எண் வரும். அதுதான் நீங்கள்!

பாங்க் அக்கவுண்டைப் போல இதை நினைத்துக் கொள்ளுங்கள். பழைய அக்கவுண்டை மூடிவிட்டு, அதே கிளையில் அதே பெயரில் புதிதாக ஒன்று தொடங்கினால் எண் வேறாகத்தான் வரும். பழைய எண்ணுக்குச் சொல்லி வைத்த எதுவும் புதிய எண்ணுக்கு வராது. விண்டோஸிலும் அப்படியே. ஓர் அக்கவுண்டை அழித்துவிட்டு அதே பெயரில், அதே பாஸ்வேர்டில் மீண்டும் உருவாக்கினாலும் விண்டோஸுக்கு அவர் புது ஆள். பழைய உரிமை எதுவும் அவருக்குக் கிடையாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை.

நான் செய்த தவறு

நான் சாப்ட்வேர் எழுதுவதற்காக ஒரு நிறுவனத்தில் சேர்ந்தவன். இரண்டாவது ஆண்டில் அங்கிருந்த நெட்வொர்க் நிர்வாகி வேறு வேலைக்குப் போனார். "நீ கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே, கொஞ்ச நாள் பார்த்துக்கோ" என்று டொமைன் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை என் கையில் கொடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டைரக்டரியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நானாகவே முடிவு செய்தேன். 90 நாட்களாக லாகின் செய்யாதவர்கள் யார் என்று தேடினேன். 23 பெயர்கள் வந்தன. வேலையை விட்டுப் போனவர்கள் என்று நினைத்து, எல்லாரையும் செலக்ட் செய்து டெலீட் பட்டனைத் தட்டினேன். "நிச்சயமாகவா?" என்று கேட்டது. "ஆம்" என்றேன்.

அந்த 23 பேரில் ஒருவர் கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அக்கா. அவர் வேலையை விடவில்லை. பிரசவ விடுப்பில் இருந்தார். 26 வார விடுப்பு முடிந்து 2022 மார்ச் கடைசி வாரத்தில் திரும்பி வந்தார். மார்ச் 31 கணக்கு முடிக்கும் நேரம். லாகின் ஆகவில்லை என்றார். ஐயையோ என்று நினைத்துக் கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அதே பெயரில் அக்கவுண்டை மீண்டும் உருவாக்கிக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் அவரே என் மேஜைக்கு வந்துவிட்டார். "தம்பி, பேரு பாஸ்வேர்டு எல்லாம் சரியாத்தான் போட்டேன். ஆனா ஒரு போல்டர் கூடத் திறக்கலையே! ஆறு வருஷக் கணக்கும் அதுலதான் இருக்கு" என்றார்.

சர்வரில் அந்த போல்டரின் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி டேபைத் திறந்து பார்த்தேன். அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண் மட்டும் இருந்தது. அந்த எண்ணுக்குச் சொந்தமான பெயரைத்தான் நான் அழித்துவிட்டேனே! ஒரு போல்டர் என்றால் புதிய அக்கவுண்டுக்கு உரிமை கொடுத்துவிடலாம். ஆறு ஆண்டுகளில் எங்கெங்கோ, யார் யாரோ கொடுத்த உரிமைகள். எங்கே எது இருக்கிறது என்று எந்தப் பட்டியலும் இல்லை.

பழைய நிர்வாகிக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ரீசைக்கிள் பின்னை ஆன் செய்திருக்கிறோமா?" இல்லை. இரண்டாவது கேள்வி: "அழித்து எத்தனை நாள் ஆகிறது?" ஏறக்குறைய மூன்று மாதம். "அப்படியானால் பிழைத்தாய்" என்றார்.

ஆக்டிவ் டைரக்டரியில் ஒன்றை அழித்தால் அது உடனே காணாமல் போவதில்லை. அதன் மீது ஒரு நடுகல் வைத்து மறைத்து வைக்கப்படும். ஆங்கிலத்திலும் இதற்குக் கல்லறைக் கல் என்று பொருள்படும் டூம்ப்ஸ்டோன் என்றுதான் பெயர். வழக்கமாக 180 நாட்கள் வரை அது அங்கே இருக்கும். அதன் பிறகு நிரந்தரமாகப் போய்விடும். அந்த நடுகல்லில் எஸ்ஐடி எண் அப்படியே இருக்கும். ஆனால் அவர் எந்தெந்தக் குழுவில் இருந்தார் என்ற விவரம் போன்ற பலவும் உதிர்ந்து போயிருக்கும்.

அவர் போனில் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல, நான் உருவாக்கிய புதிய அக்கவுண்டை அப்புறப்படுத்திவிட்டு, எல்டிபி என்ற கருவியின் மூலம் பழைய அக்கவுண்டை எழுப்பினோம். பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுத்து இயக்கினோம். போல்டர்கள் திறந்தன. குழு விவரங்களைக் கணக்குப் பிரிவில் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்க்க இரண்டு நாட்கள் ஆயின. அந்த இரண்டு நாட்களும் அந்த அக்கா, கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, இரவு எட்டு மணி வரை அலுவலகத்தில் இருக்க வேண்டியதாயிற்று. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மின்வெட்டு காப்பாற்றிய நிறுவனம்

ஓர் அக்கவுண்ட் போனதற்கே இந்தப் பாடு. பதிவேடு முழுவதும் போனால்?

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாச நிரல் பல நாடுகளில் பரவியது. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க்கும் அதில் சிக்கியது. அதன் டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று பார்த்துப் பிரதி எடுத்துக் கொள்பவை. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்பது கணக்கு. ஆனால் எல்லாமே ஒரே நேரத்தில் போய்விட்டன. ஒன்றே ஒன்று தப்பியது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் அந்த நேரம் கரண்ட் இல்லை! அதனால் அங்கிருந்த சர்வர் நெட்வொர்க்கில் இல்லாமல் பிழைத்தது. அதில் இருந்த தகவலை இன்டர்நெட்டில் அனுப்ப அதிக நேரமாகும் என்பதால், ஹார்ட் டிஸ்க்கை ஆள் மூலம் இங்கிலாந்துக்குக் கொண்டு போய்த்தான் நெட்வொர்க்கை மீண்டும் எழுப்பினார்கள்.

இதிலிருந்து தெரிவது ஒன்று. பிரதி வேறு, பேக்கப் வேறு. ஒரு சர்வரில் நீங்கள் அழித்தது சிறிது நேரத்தில் எல்லாப் பிரதிகளிலும் அழிந்துவிடும். நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட பேக்கப் தனியாக வேண்டும்.

வீட்டிலேயே ஒரு டொமைன்

தவறு செய்யாமல் இதைக் கற்க முடியாது. ஆகவே தவறு செய்வதற்கு என்றே ஓர் இடம் வேண்டும். அது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டராக இருக்கட்டும். கம்ப்யூட்டருக்குள் கற்பனைக் கம்ப்யூட்டர்களை உருவாக்கும் விர்ச்சுவல் பாக்ஸ் என்ற புரோகிராம் இலவசம். விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் இயங்கும். 16 ஜிபி ராம் இருந்தால் வசதி. 8 ஜிபி மட்டும் உள்ளவர்கள் சர்வரை மட்டும் 2 ஜிபி கொடுத்து இயக்கிப் பழகலாம்.

மைக்ரோசாப்டின் தளத்தில் விண்டோஸ் சர்வர் 2022 அல்லது 2025இன் சோதனைப் பதிப்பு கிடைக்கும். 180 நாட்கள் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். கிளையன்டுக்கு விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் சோதனைப் பதிப்பு, 90 நாட்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

1. விர்ச்சுவல் பாக்ஸில் இரண்டு கம்ப்யூட்டர்கள் உருவாக்கவும். ஒன்று சர்வர், இன்னொன்று கிளையன்ட். இரண்டுக்கும் 4 ஜிபி ராம் தரவும்.

2. சர்வரை இன்ஸ்டால் செய்யும்போது டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்கவும். இல்லாவிட்டால் கட்டளை டைப் செய்யும் கறுப்புத் திரை மட்டுமே வரும். புதியவர்கள் பலர் இங்கேதான் திகைத்து நிற்கிறார்கள்.

3. கிளையன்டை இன்ஸ்டால் செய்யும்போது மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கேட்கும். சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்பதில் டொமைன் ஜாயின் என்ற வழியைத் தேர்ந்தெடுத்து, சாதாரண அக்கவுண்ட் ஒன்றை உருவாக்கிக் கொள்ளவும்.

4. இரண்டையும் இன்ஸ்டால் செய்து முடித்ததும் விர்ச்சுவல் பாக்ஸில் நெட்வொர்க் அமைப்பை இன்டர்னல் நெட்வொர்க் என்று மாற்றவும். உங்கள் சோதனை, வீட்டு மோடத்தையோ மற்றவர்களின் போனையோ தொந்தரவு செய்யாது.

5. சர்வருக்கு ஒரு பெயர் வைத்து ரீஸ்டார்ட் செய்யவும். பிறகு நிலையான ஐபி முகவரி கொடுக்கவும். உதாரணமாக 192.168.50.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. டிஎன்எஸ் முகவரியாகவும் அதே 192.168.50.10ஐக் கொடுக்கவும்.

6. சர்வர் மேனேஜரில் மேனேஜ் மெனு சென்று, ஆட் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் கிளிக் செய்யவும். ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸ் என்பதில் டிக் அடித்து இன்ஸ்டால் செய்யவும். முடிந்ததும் மேலே கொடி அடையாளத்தில் மஞ்சள் முக்கோணம் தெரியும். அதில் கிளிக் செய்து, சர்வரை டொமைன் கன்ட்ரோலராக உயர்த்தும் வரியைத் தேர்ந்தெடுக்கவும்.

7. ஆட் எ நியூ ஃபாரஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, டொமைன் பெயராக லேப்.டெஸ்ட் என்று ஆங்கில எழுத்துகளில் கொடுக்கவும். டெஸ்ட் என்று முடியும் பெயர்கள் சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. இன்டர்நெட்டில் உள்ள எதனுடனும் மோதாது. இடையில் கேட்கும் மீட்பு பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வைக்கவும். டிஎன்எஸ் பற்றி ஓர் எச்சரிக்கை வரும். இந்தச் சோதனைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

8. கிளையன்டுக்கு 192.168.50.20 என்ற முகவரி கொடுக்கவும். டிஎன்எஸ் என்ற இடத்தில் சர்வரின் முகவரியை, அதாவது 192.168.50.10ஐக் கொடுக்கவும். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் சென்று டொமைன் ஆர் வொர்க்குரூப் என்பதில் கிளிக் செய்து, லேப்.டெஸ்ட் டொமைனில் சேர்க்கவும்.

வரவேற்புச் செய்தி ஒன்று சிறிய பெட்டியில் வரும். முதல் முறை அதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷமே தனி!

சேரவில்லை என்றால் முதலில் எட்டாம் படியில் டிஎன்எஸ் முகவரியைச் சரிபாருங்கள். அங்கே கூகுளின் 8.8.8.8 போன்ற எண்ணைக் கொடுத்திருந்தால் வேலை செய்யாது. உங்கள் லேப்.டெஸ்ட் எங்கே இருக்கிறது என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்?

வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் என்ற கருவியைத் திறந்து, கவிதா என்ற பெயரில் ஒரு யூசரை உருவாக்குங்கள். பாஸ்வேர்டு குறைந்தது 7 எழுத்துகள் இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் கலந்து கொடுங்கள். சாதாரண யூசர்கள் டொமைன் கன்ட்ரோலரில் லாகின் செய்ய முடியாது. கிளையன்டில்தான் முடியும்.

முதல் சோதனை: சர்வரில் ஒரு போல்டரை உருவாக்கி ஷேர் செய்யுங்கள். அட்வான்ஸ்டு ஷேரிங்கில் பர்மிஷன்ஸ் சென்று எவ்ரிஒன் என்பதை நீக்கிவிட்டு, கவிதாவை மட்டும் சேர்த்து முழு உரிமை கொடுங்கள். செக்யூரிட்டி டேபிலும் அவரைச் சேருங்கள். கிளையன்டில் கவிதாவாக லாகின் செய்து போல்டரைத் திறந்து பாருங்கள். திறக்கும். இப்போது சர்வரில் கவிதாவை அழித்துவிட்டு, அதே பெயரில் மீண்டும் உருவாக்கி லாகின் செய்யுங்கள். போல்டர் திறக்காது. செக்யூரிட்டி டேபில் பெயருக்குப் பதிலாக எண் நிற்கும். எனக்கு மார்ச் மாதத்தில் தெரிந்த பாடம் உங்களுக்கு இருபது நிமிடத்தில், யாருக்கும் கஷ்டம் இல்லாமல் தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனை: ஆக்டிவ் டைரக்டரி அட்மினிஸ்ட்ரேட்டிவ் சென்டர் என்ற கருவியைத் திறந்து, இடப்பக்கம் டொமைன் பெயரைத் தேர்ந்தெடுத்தால், வலப்பக்கம் எனேபிள் ரீசைக்கிள் பின் என்ற வரி தெரியும். அதில் கிளிக் செய்யவும். இந்த வசதி விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதல் இருக்கிறது. ஒரு முறை இயக்கினால் பிறகு நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டிய அவசியமும் வராது. இப்போது கவிதாவை ஒரு குழுவில் சேர்த்துவிட்டு அழியுங்கள். டெலீட்டட் ஆப்ஜெக்ட்ஸ் என்ற இடத்தில் அவர் இருப்பார். ரீஸ்டோர் கொடுங்கள். இந்த முறை எஸ்ஐடி எண் மட்டுமல்ல, குழு விவரமும் சேர்ந்தே திரும்பி வரும். இரண்டு கிளிக்கில் முடிகிற இந்த வேலைக்குத்தான் நாங்கள் இரண்டு நாட்கள் அலைந்தோம்.

மூன்றாவது சோதனை குரூப் பாலிசி. ஒரு இடத்தில் எழுதிய விதியை எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அமலாக்கும் வசதி இது. யூசர்கள் கன்ட்ரோல் பேனலைத் திறக்க முடியாதபடி ஒரு விதி எழுதிப் பாருங்கள். விதி உடனே போய்ச் சேராது. கிளையன்ட் கம்ப்யூட்டர்கள் 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் 30 நிமிடம் கூடுதலாக எடுத்துக் கொண்டு, வந்து பார்த்துப் போகும். ஒரு டிக் அடையாளம் 300 பேரின் திரையை மாற்றிவிடும் என்பதால், எப்போதும் ஒரே ஒரு சோதனை யூசர் உள்ள பிரிவில் முதலில் அமல்படுத்திப் பாருங்கள்.

கை பழக வேண்டிய ஐந்து பழக்கங்கள்

1. அழிக்காதீர்கள், முடக்குங்கள். அக்கவுண்ட் மீது ரைட் கிளிக் செய்தால் டிஸேபிள் அக்கவுண்ட் என்று இருக்கும். முடக்கினால் அவர் உள்ளே வர முடியாது. ஆனால் எண்ணும் உரிமைகளும் அப்படியே இருக்கும். தவறு என்றால் ஒரு கிளிக்கில் சரிசெய்யலாம். சில மாதங்கள் கழித்து, கேட்டு உறுதி செய்த பிறகு அழிக்கலாம்.

2. உரிமையை ஆளுக்குக் கொடுக்காதீர்கள், குழுவுக்குக் கொடுங்கள். கணக்குப் பிரிவு என்று ஒரு குழு உருவாக்கி, போல்டர் உரிமையை அதற்குக் கொடுத்துவிட்டால், ஆள் மாறினாலும் போல்டரைத் தொட வேண்டியதில்லை.

3. நிர்வாகிக்கு இரண்டு அக்கவுண்ட்கள் இருக்கட்டும். மெயில் பார்க்கவும் இன்டர்நெட் பார்க்கவும் சாதாரண அக்கவுண்ட். டைரக்டரி வேலைக்கு மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட்.

4. பேக்கப் எடுப்பதோடு நிற்காமல், அதிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்றும் சோதனைக் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்.

5. கம்ப்யூட்டரைக் கேட்பதற்கு முன் மனிதர்களைக் கேளுங்கள். 90 நாள் லாகின் இல்லை என்பது மட்டும்தான் டைரக்டரிக்குத் தெரியும். அவர் விடுப்பில் இருக்கிறார் என்பது பக்கத்து மேஜைக்காரருக்குத் தெரியும்.

கிளவுட் வந்தாலும் கதை இதேதான். மைக்ரோசாப்டின் அஷூர் ஆக்டிவ் டைரக்டரி 2023இல் என்ட்ரா ஐடி என்று பெயர் மாறியது. அதில் அழித்த யூசரை 30 நாட்களுக்குள் மீட்க வேண்டும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாட்கள். பிரசவ விடுப்புக்கு இவை எந்த மூலைக்கு?

கோர்ஸில் சேருபவர்களுக்கு

இந்தத் துறையில் ஒரு காலத்தில் எம்சிஎஸ்இ, எம்சிஎஸ்ஏ சான்றிதழ்களுக்குப் பெரிய மதிப்பு இருந்தது. மைக்ரோசாப்ட் அவற்றை 2021 ஜனவரி 31 அன்று நிறுத்திவிட்டது. இப்போது யாராவது எம்சிஎஸ்இ தேர்வு எழுத வைக்கிறோம் என்று பணம் கேட்டால், அந்தத் தேர்வின் எண்ணைக் கேட்டு வாங்கி, அது நடைமுறையில் உள்ளதா என்று மைக்ரோசாப்ட் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வில், வீட்டில் நீங்களே டொமைன் அமைத்து, கெடுத்து, சரிசெய்த அனுபவத்தைச் சொல்லுங்கள். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்

சர்வர் எல்லாம் எனக்கு வேண்டாம் என்பவர்களும் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வெளியூர் படிக்கப் போன மகனின் அக்கவுண்டைச் செட்டிங்ஸில் ரிமூவ் செய்தால், அவருடைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாம் சேர்ந்தே அழியும். மீண்டும் அதே பெயரில் உருவாக்கினாலும் அவை வராது. நீக்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் பைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனல் வழியாகச் சென்றால், பைல்களை வைத்துக் கொள்ளவா என்று கேட்கும். அங்கே கீப் ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அதைவிட நல்லது, முடக்கி வைப்பது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, நெட் யூசர் என்று டைப் செய்து என்டர் தட்டினால் அக்கவுண்ட்களின் பெயர்கள் வரும். மீண்டும் நெட் யூசர் என டைப் செய்து, இடைவெளி விட்டு அக்கவுண்டின் பெயர், மறுபடி இடைவெளி விட்டு, முன்சாய்ந்த ஸ்லாஷ், ஆக்டிவ், கோலன், நோ என்று சேர்த்து டைப் செய்து என்டர் தட்டவும். அக்கவுண்ட் முடங்கும். மகன் தீபாவளிக்கு வரும்போது நோ என்ற இடத்தில் யெஸ் என்று கொடுங்கள். அவர் விட்டுப் போன படங்கள் விட்டுப் போன இடத்திலேயே இருக்கும்.

அந்த அக்கா இப்போதும் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறார். அவருடைய அக்கவுண்டின் எஸ்ஐடி எண்ணும் அவர் வேலையில் சேர்ந்த அன்று கொடுக்கப்பட்ட அதே எண்தான்.